பயமுறுத்தாத எழுத்து

எட்டரைக்கு வந்தால் போதும் என்றுதான் கவுண்டரில் இருக்கிற பெண் நேற்று போனில் சொன்னாள். நான் ஏழே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பொற்கொடி எதிரில் நிற்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள், கேட்காமலே தட்டில் இட்லியை வைப்பாள், அந்தக் கேட்காததைத் தாங்க முடியாது என்று பாலக்கரை அச்சகத்திலிருந்து நேராகப் புத்தூர் பஸ் ஏறி, முகம்கூடக் கழுவாமல், இந்த ஸ்கேன் சென்டரின் நீல நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளைக்கு முன்னால் அவளுடைய இடது மார்பிலிருந்த கட்டியில் ஊசி குத்தி எடுத்தார்கள். அதன் முடிவு இன்றைக்கு. என்னோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவளுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஒரு தாளில் இரண்டு வரி. அந்தத் தாள் இப்போது உள்ளே ஏதோ ஒரு மேஜையில் இருக்கலாம், அல்லது இன்னும் தாளே ஆகாமல் கம்ப்யூட்டரில் இருக்கலாம். தரையைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், சுவரை மட்டும் பார்க்கக்கூடாது என்று இருந்தேன், ஆனால் கண் சுவருக்குத்தான் போகிறது. செருப்பை வெளியே விடவும். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும். வெறும் வயிற்றில் வந்தவர்கள் இந்தப் பக்கம். ஒன்பது பலகை, எண்ணிவிட்டேன், ஒன்பதும் வலது பக்கம் லேசாகச் சாய்ந்து, முனையெல்லாம் உருண்டு, யாரோ தோளில் கை போட்டு வாங்க வாங்க என்று அழைத்துப் போகிற மாதிரியான எழுத்து. எல்லாம் என் எழுத்து. நான் வரைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்து, இந்தச் சென்டரை நடத்துகிற டாக்டரம்மா சொல்லி வரைந்தது.

டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. வாசலில் கால் வைக்கிறவன் பாதி உயிரோடுதான் வருகிறான், பலகையைப் பார்த்து மீதிப் பாதியும் போய்விடக்கூடாது, பயமுறுத்தாத எழுத்தாக ஒன்று போட்டுக் கொடுங்கள் என்றார். ஆங்கிலத்தில் அப்படி ஒன்று இருந்தது. கோட்டின் முனையில் வெட்டு கிடையாது, குழந்தை மெழுகு பென்சிலால் இழுத்த மாதிரி உருண்டிருக்கும், அடியில் குதிகால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற துணுக்கு கிடையாது, எட்டு டிகிரி சாய்வு, வேகமாகப் போகிற சாய்வு இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறவன் தலையைச் சாய்ப்பான் இல்லையா, அந்தச் சாய்வு. தமிழில் அப்படி எதுவும் இல்லை. நான் எங்கே படித்தேன், எதைப் படித்தேன், அச்சகத்துக்கு நைட் வாட்ச்மேனாக வந்தவன், ஆபரேட்டர் தூங்குகிற நேரத்தில் கீபோர்டைத் தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டவன், எனக்கு யாரும் இது முடியாது என்று சொல்லித்தரவில்லை, அதனால் வரைந்தேன். ல, வ, ஒ எல்லாம் ஏற்கெனவே உருண்டைதான், வம்பே இல்லை. ட-தான் உயிரை எடுத்தது. ட என்பது சுவர் மூலை. மூலையை உருட்டினால் சறுக்குமரம் ஆகிறது, உருட்டாமல் விட்டால் கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டு நிற்கிற பங்காளி மாதிரி அது மட்டும் தனியாக நிற்கிறது. அப்புறம் புள்ளி. கம்ப்யூட்டர் தானாகச் சாய்த்தால் உயரத்தில் இருப்பதுதான் அதிகம் நகரும், மெய்யெழுத்தின் புள்ளியைவிட உயரத்தில் என்ன இருக்கிறது, அது நகர்ந்து அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். முதல் தடவை அதைக் கவனிக்கவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுத்தேன், பதினெட்டுப் புள்ளி, பதினெட்டு இரவு, இந்தப் பலகைகளையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

எதிரில் வெறும் வயிற்றோடு வந்த ஒரு பெரியவர் தன் மகனிடம் காபி கேட்டு நச்சரிக்கிறார், மகன் ரத்தம் எடுத்த பிறகு என்கிறான், ரத்தம் எடுத்த பிறகு எனக்கு எதுக்குடா காபி, உனக்குத்தான் வேணும் என்கிறார் அவர், சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தவுடன் குற்றம் செய்த மாதிரி இருந்தது. எட்டு நாற்பது. இந்த எழுத்து நல்ல எழுத்துதான், அதில் சந்தேகமில்லை, ஒரு வருஷத்துக்குள் ஊரெல்லாம் கேட்டார்கள். பல் டாக்டர் கேட்டார். தில்லைநகரில் ஒரு மழலையர் பள்ளி கேட்டது. குல்ஃபி வண்டி, தண்ணீர் கேன், கைக்குழந்தைத் துண்டு, குழந்தைப்பேறு ஆஸ்பத்திரி. அப்புறம் நான் கொடுக்காமலே பரவிற்று, பென் டிரைவில் ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கொடுத்து, பெயர்கூட இல்லாத ஃபான்ட், ஸ்கேன் சென்டர் எழுத்து என்றே கேட்டு வாங்கினார்கள். கந்துவட்டி ஆபீஸ் போர்டில் பார்த்தேன். கரப்பான்பூச்சி மருந்து டப்பாவில் பார்த்தேன், எடுத்துக் குடிக்கலாம் போல இருந்தது. ஒருநாள் காலையில் வேலை முடிந்து வருகிறேன், என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஃப்ரீசர் பெட்டி ஏற்றிய வேன் வந்து நிற்கிறது, பிணத்தை வைக்கிற பெட்டி, இருபத்துநாலு மணி நேரமும் அழைக்கலாம் என்று பக்கவாட்டில் என் எழுத்து, தலையைச் சாய்த்து, வாங்க வாங்க என்று. அன்றைக்கு எனக்கு என்னவோ செய்தது. எழுத்துக்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கத்தி செய்கிறவன் காய்கறியை மட்டுமா நினைத்துக்கொண்டு செய்கிறான். ஆனால் நான் செய்தது கத்தி இல்லை, கத்திக்கு உறை, உள்ளே இருப்பது கத்தி என்று தெரியாமல் ஒருத்தன் கையை நீட்டுவதற்கு. சே, என்ன யோசனை இது. தூங்காத மூளை இப்படித்தான், ஒரே பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு கடகடவென்று.

இதையெல்லாம் யோசிப்பது இன்னொன்றை யோசிக்காமல் இருக்கத்தான் என்று எனக்கே தெரியும். அன்றைக்கு நான் அடித்த மாதிரித் தாள். அச்சகத்தில் ஒரு வழக்கம், வாடிக்கையாளருக்கு மாதிரி போட்டுக் காட்டும்போது வீட்டு ஆட்கள் பெயரைப் போடுவோம். கல்யாணப் பத்திரிகை என்றால் மாப்பிள்ளை நாங்களே, காதுகுத்து என்றால் எங்கள் பிள்ளைகள், விசிட்டிங் கார்டு என்றால் மச்சான். கருமாதிப் பத்திரிகைக்கு மட்டும் முதலாளியின் பெயர், அவரே சொல்லிவிட்டார், செத்துப் போனதாக எழுதினால் ஆயுசு கூடும், தாராளமாகப் போடுங்கடா என்பார், எண்பத்தொரு வயதில் இன்னும் மொபெட் ஓட்டுகிறார். எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு யார் பெயர் என்று கணக்கு இல்லை, அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தாலும் நோயாளியின் பெயர் தமிழில் இருக்கவேண்டும், தன் பெயரையாவது படிக்கட்டும் என்றார் டாக்டரம்மா. நல்ல ரிப்போர்ட்டை எந்த எழுத்தில் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும், கெட்டதைப் போட்டுக் காட்டுங்கள், அதுதான் பரீட்சை என்றும் சொன்னார். நான் ஒரு பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து மார்பகத்தில் புற்றுநோய் செல்கள் இருக்கின்றன என்ற வரிகளை அப்படியே அடித்தேன். பெயர் என்ற இடத்தில் பொற்கொடி என்று அடித்தேன். யோசித்து அடிக்கவில்லை. ஒரு எழுத்து எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க எப்போதும் அடிக்கிற பெயர் அது, இரண்டு இடத்தில் கொம்பும் காலும் வரும், வல்லின ற வரும், புள்ளி வரும், அந்தப் பாழாய்ப்போன ட-வும் வரும், அந்தப் பெயர் சரியாக வந்துவிட்டால் ஃபான்ட் சரி. விரல் அதுவாகப் போய் அடித்தது. டாக்டரம்மா தாளைக் கையில் வாங்கி தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், பரவாயில்லையே, பயமா இல்லையே என்றார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். இரவு போய்ப் பொற்கொடியிடம் எல்லாம் சொன்னேன், பெயரை மட்டும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. இப்போது கட்டி என்றவுடன் எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, நான்தான் அடித்தேன் என்பது. இது மூடத்தனம் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் எங்கள் முதலாளி எண்பது தடவை செத்திருக்கவேண்டும். தெரிந்தாலும், குளிக்கும்போது தெரியாமல் கைபட்டது என்று அவள் கட்டியைப் பற்றிச் சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து என் விரல் நுனியில் அந்தப் பெயரின் சாவிகள் அழுந்துகின்றன.

ஊசி குத்தின அன்றைக்கு வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் அவள் ஒன்றுதான் கேட்டாள். எதுவா இருந்தாலும் வளைச்சு நெளிச்சுச் சொல்லாதீங்க, இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, அது போதும் என்றாள். உறையூரில் லேடீஸ் டெய்லர் கடையில் அவள்தான் துணி வெட்டுகிறவள். சாக்பீஸ் கோடு போட்டுவிட்டால் கத்தரி அந்தக் கோட்டை விட்டு நூலிழை நகராது, பேச்சும் அப்படி. நான் அப்படி இல்லை. அவள் எதை நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், பரமக்குடியை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே அவளுடைய அப்பா இறந்துபோன அன்றைக்கு, விடியற்காலையில் அச்சகத்துக்கு எனக்குத்தான் போன் வந்தது, முடிஞ்சிருச்சு மாப்ள என்றார் பெரிய மச்சான், அவகிட்ட சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க என்றார். எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம். செத்துப்போனார் என்று யார் யாரிடம் நேராகச் சொல்லியிருக்கிறோம், சீரியஸ் என்போம், ஐ.சி.யு. என்போம், கிளம்பி வா என்போம். நானும் சீரியஸ் என்றேன். பஸ் ஏறினோம். அவள் கைக்குட்டையில் ஒரு ரூபாயை முடிந்து சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள், முடியிறக்குகிறேன் என்றாள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அதெல்லாம் சரியாகிவிடும், இப்போ எவ்வளவோ மருந்து வந்திருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன், அந்த மருந்தை நான் ஏன் சேர்த்துக்கொண்டேன், மச்சான் சொன்னதற்கு மேலே அது. மருந்தெல்லாம் நானாகச் சேர்த்தது. தெருமுனையில் திரும்பியதும் ஷாமியானா தெரிந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. அவள் ஷாமியானாவைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து திரும்பி வரும்போது சொன்னாள்: "அஞ்சு மணி நேரம் செத்தவருக்கு வேண்டிக்கிட்டே வர வச்சீங்களே." அவ்வளவுதான், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் நான் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று சொன்னால், உடனே அவளே நம்பரைப் போட்டு அங்கே பேசிவிடுவாள். என்னைத் தாண்டிப் போய் விசாரிப்பாள்.

பொற்கொடி என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. பெனிட்டா, அதுதான் அந்தக் கவுண்டர் பெண்ணின் பெயர், சட்டையில் குத்தியிருந்த அட்டையில் என் எழுத்தில் இருந்தது, உறையில் போட்டுக் கொடுத்தாள், டாக்டர்கிட்ட காட்டிருங்கண்ணே என்றாள். எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள், இருந்தாலும் ஏன் சொன்னாள் என்று நெஞ்சு கேட்டது. ஓரத்தில் தண்ணீர் கேன் பக்கத்தில் போய் நின்று எடுத்தேன். மேலே அவள் பெயர், இன்றைய தேதி, கீழே வரிகள், ஆங்கிலம், எனக்கு ஃபான்ட் வழியாக வந்த ஆங்கிலம், ஆனால் இந்த வரி எனக்கு மனப்பாடம், பாசிட்டிவ் ஃபார் மாலிக்னன்ட் செல்ஸ், புற்றுநோய் செல்கள் இருக்கின்றன. தலையைச் சாய்த்துக்கொண்டு, முனையெல்லாம் உருண்டு. இதைப் படித்தால் பயம் வராது என்றுதானே செய்தேன், வந்தது, காது அடைத்தது, பெரியவர் இன்னும் காபி காபி என்று வாயசைத்துக்கொண்டிருந்தார், சத்தம் இல்லை. அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவள்தான். எடுக்காமல் இருந்திருக்கலாம், பாத்ரூம் போனேன் என்று சொல்லியிருக்கலாம், எடுத்துவிட்டேன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு. ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. சாதாரணக் கட்டிதானாம்."

"நெசமா?"

"தாளைக் கையில வச்சுக்கிட்டுத்தான் சொல்றேன்."

அவள் சரி என்று வைத்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் கேட்டது. வாய் அதுவாகப் போய்ச் சொன்னது, விரல் அதுவாகப் போய் அடித்த மாதிரி. சாயங்காலம் நேரில் சொல்லிக்கொள்ளலாம். இல்லை, முதலில் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு அவரை விட்டுச் சொல்ல வைக்கலாம். இல்லை, ஆபரேஷன் என்று மட்டும் சொல்லலாம், சின்னது என்று சொல்லலாம், இப்போ எவ்வளவோ மருந்து வந்திருக்கு என்று. ஐயோ, மறுபடியும் அதே மருந்து. வரிகளைப் பார்க்க முடியவில்லை, அர்த்தம் வேண்டாம் என்று எழுத்தை மட்டும் பார்த்தேன், இரவெல்லாம் செய்கிற வேலை அது, அர்த்தத்தைத் தள்ளிவிட்டு வடிவத்தை மட்டும் பார்ப்பது, அப்படிப் பார்த்தால் எந்த இழவுச் செய்தியையும் திருத்தலாம். அவள் பெயரைப் பார்த்தேன். ற்-இன் புள்ளி இடத்தில் இல்லை. நகர்ந்து பக்கத்துக் கொம்பின் தலையில் உட்கார்ந்திருந்தது. இதை நான் சரிசெய்துவிட்டேனே என்று எரிச்சல்தான் முதலில் வந்தது, பத்து வருஷத்துக்கு முன்னால் சரிசெய்து கொடுத்துவிட்டேனே, இன்னுமா பழைய ஃபான்ட்டைப் போடுகிறார்கள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன், வயிற்றில் என்ற சொல்லின் ற்-இல் புள்ளி ஒழுங்காக இருந்தது. பெனிட்டாவின் அட்டையிலும் ட்-இன் மேல் ஒழுங்காக இருந்தது. இந்தத் தாளில் மட்டும் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் வயது 34 என்று இருந்தது. பொற்கொடிக்கு நாற்பத்தாறு. லேப் நம்பர் 1234. யாருக்கு லேப் நம்பர் அப்படி விழும், மாதிரி போடுகிற சோம்பேறிக்குத்தான் விழும். இது நான் அன்றைக்குப் பழைய ஃபான்ட்டில் அடித்த மாதிரித் தாள். தேதி மட்டும் திறக்கிற அன்றைய தேதியாகத் தானே மாறிக்கொள்கிற மாதிரி வைத்திருந்தேன், பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து.

கவுண்டருக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. பெனிட்டா தாளைப் பார்த்தாள், ஸ்கிரீனைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெயரைத் தேடியபோது ஒரே பெயரில் இரண்டு வந்ததாம், மேலே இருந்ததைப் பிரிண்ட் கொடுத்துவிட்டாளாம், மாடல் காப்பி என்று ஒரு ஃபோல்டர் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே வந்து கிடக்கிறதாம், எந்தப் புண்ணியவான் இந்தப் பெயரைப் போட்டு வைத்தானோ என்றாள். உங்களோடது டாக்டர் சைன் பண்ணிட்டு இருக்காங்கண்ணே, பத்து நிமிஷம் உட்காருங்க, அதைக் கொடுத்துருங்க, கிழிச்சிடறேன் என்றாள். நான் கொடுக்கவில்லை, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியாது. அந்தப் பத்து நிமிஷம் இருபத்தைந்து நிமிஷம் ஆனது. தப்பான தாள் என்பதால் சரியான தாள் நல்லதாகிவிடுமா, அப்படி எந்தச் சட்டமும் இல்லை, இரண்டு தாளிலும் ஒரே வரி இருக்கலாம், வயது மட்டும் மாறியிருக்கலாம். போன் செய்து நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடலாமா. ஆனால் பொய்யா அது, இன்னும் தெரியாதே, மெய்யாக மாறவும் கூடும், பத்து நிமிஷம் பொறுத்துப் பார்க்கலாம் என்று எனக்குள் இருக்கிற வியாபாரி சொன்னான். பெரியவருக்கு ரத்தம் எடுத்துவிட்டார்கள், பஞ்சை அழுத்திக்கொண்டு வெற்றி பெற்றவர் மாதிரி வெளியே டீக்கடைக்குப் போனார்.

இரண்டாவது தாளில் வயது 46. புள்ளி இடத்தில் இருந்தது. வரியில் மறுபடியும் அந்த மாலிக்னன்சி என்ற சொல்தான் முதலில் கண்ணில் குத்தியது, அதற்கு முன்னால் நோ எவிடன்ஸ் ஆஃப் என்று மூன்று சின்னச் சொற்கள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதே பெரிய சொல், நடுவில் இரண்டெழுத்து நோ. நாலு தடவை படித்தேன். பெனிட்டாவைப் பார்த்தேன், அவள் தலையை மட்டும் ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று. வெளியே ஓடி வாசல் வேப்பமரத்துக்குக் கீழே நின்று அழைத்தேன். சொல்ல வாயைத் திறந்தால் குரல் உடைந்து அழுகையாக வந்தது, பொற்கொடி, ஒண்ணும் இல்லடி, ஒண்ணுமே இல்லடி என்று. எதிர்ப்பக்கம் மெஷின் சத்தம் நின்றது, யாரையோ நிறுத்தச் சொல்லியிருக்கவேண்டும்.

"இதைத்தான் முன்னாடியே சொன்னீங்களே. இப்ப எதுக்கு அழறீங்க?"

நான் சந்தோஷத்தில் என்றேன். அரை மணி நேரம் கழிச்சா சந்தோஷம் வந்துச்சு என்றாள். இல்லை, அது வந்து, இப்போதான் சரியான தாள் என்று ஆரம்பித்தேன், அந்தச் சரியான என்ற சொல்லை வாய் விட்டவுடனே விழுங்கப் பார்த்தேன், அவள் பிடித்துக்கொண்டாள். அப்ப முதல்ல? என்றாள். நான் ஒன்றும் இல்லை, ஒரு சின்னக் குழப்பம், எல்லாம் நல்லபடியாக, என்று வளைத்து வளைத்துச் சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது, பரமக்குடி பஸ்ஸில் பேசினவன் பேசுகிறான். மெய்யைத்தான் சொல்கிறேன், ஆனால் மெய்யைச் சொல்வதற்கு என்னிடம் தனியாக ஒரு குரல் இல்லை, இருக்கிற ஒரே குரலை அதற்கும் பயன்படுத்திவிட்டேன். "அங்கேயே இருங்க," என்றாள். "நான் வர்றேன்." வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. உறையூரிலிருந்து இங்கே பஸ்ஸில் பதினைந்து நிமிஷம், அந்தப் பதினைந்து நிமிஷமும் அவள் கெட்ட செய்தியோடுதான் வருவாள், கையில் கைக்குட்டை இருக்கும், எதையாவது முடிந்துகொண்டு வருவாளோ. கையில் நல்ல தாளை வைத்துக்கொண்டு ஒருத்தியை இப்படி வரவைக்க என்னால்தான் முடியும். ஓடிப்போய் பஸ் ஸ்டாப்பில் நின்று தாளைத் தூக்கிக் காட்டலாமா என்று பார்த்தேன், தூக்கிக் காட்டினால் இன்னும் பயப்படுவாள். உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். டீ குடித்துவிட்டு வந்த பெரியவர் என்ன தம்பி, சர்க்கரையா என்று கேட்டார். இல்லைங்க, ஒண்ணும் இல்லை என்றேன். அவரும் நம்பவில்லை.

வந்தாள். தோளில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்திருக்கிறாள். நான் எழுந்து தாளை நீட்டினேன். அவள் நிற்கவில்லை, என்னைத் தாண்டிக் கவுண்டருக்குப் போனாள், நான்தான் பொற்கொடி, என் ரிப்போர்ட் வேணும் என்றாள். சார்கிட்ட கொடுத்துட்டேனே அக்கா என்றாள் பெனிட்டா. எனக்கு ஒண்ணு கொடும்மா என்றாள் இவள். பிரிண்டர் இழுத்தது. விரலை வரிக்கடியில் வைத்து, துணியில் கோடு பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். புரியாத இடத்தில் விரலை நிறுத்தி, இது என்னம்மா சொல்லுது, நேரா சொல்லு என்று கேட்டாள். பெனிட்டா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நாங்க சொல்லக்கூடாதுக்கா, ஆனா கேன்சர் இல்லைக்கா என்றாள். அவ்வளவுதான், மூன்று நொடி ஆகவில்லை அவளுக்குச் சொல்ல. பொற்கொடி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. முதல்ல தப்பா ஒரு மாடல் காப்பி போயிருச்சுக்கா, அண்ணன்தான் கண்டுபிடிச்சாங்க, ஸாரிக்கா என்று பெனிட்டா தன் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள், நடுவில் ஒரு நாற்காலி விட்டு. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். போனை எடுத்து விரலால் தள்ளிப் பார்த்தாள், எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒம்பது பன்னெண்டுக்கு நான் போன் பண்ணப்போ, உங்க கையில என்ன இருந்துச்சு?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. இன்னும் பிரித்தே பார்க்கவில்லை என்று சொல்லலாம். அது வெறும் மாதிரித் தாள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது என்று சொல்லலாம், பெனிட்டாகூட அதற்குச் சாட்சி சொல்வாள். ஒவ்வொன்றும் முனை உருண்டு, கைக்கு இதமாக, வரிசையாக வந்து நின்றது. நான் சட்டைப்பையில் கைவிட்டு நாலாக மடித்ததை எடுத்து, நடுவிலிருந்த நாற்காலிக்கு மேலாக நீட்டினேன். விரித்தாள். தன் பெயரில் ஆரம்பித்து விரல் வைத்துப் படித்தாள், ஒரு வரி, இரண்டாவது வரி, இப்போது அந்தச் சொற்கள் அவளுக்குத் தெரியும், யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வரியில் விரல் நின்றது. நின்றே இருந்தது.

"இதுல யாரு என் பேரைப் போட்டது?"

"நான்தான். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

நிமிர்ந்து பார்த்தாள்.

"இதைப் படிச்சிட்டுத்தான் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்களா?"

"ஆமா."